டீ போடப் போன நேரத்தில்

கோச்சடையில் எங்கள் வீட்டு முன்னறையில்தான் என் எம்பிராய்டரி மிஷின் இருக்கிறது. பள்ளிக்கூடச் சட்டைப் பைக்கு பேட்ஜ், கல்யாண ரவிக்கை, குழந்தைகளின் கவுன் என்று பதினைந்து வருடமாக அதுதான் என் பிழைப்பு. தைப்பதை மிஷின் பார்த்துக்கொள்ளும். ஆனால் ஊசி எங்கே இறங்க வேண்டும், எந்தப் பக்கம் போக வேண்டும், எங்கே நூலின் நிறம் மாற வேண்டும் என்பதை முதலில் யாராவது கம்ப்யூட்டரில் வரைந்து கொடுக்க வேண்டும். அது என் வேலை. ஒரு மயிலுக்காக நான்கு நாள் உட்கார்ந்திருக்கிறேன்.

வரைவதற்கான சாஃப்ட்வேர் மிஷினோடு வந்தது. கூடவே சுண்டுவிரல் நீளத்தில் ஒரு பூட்டும் தந்தார்கள். பார்க்க பென்டிரைவ் மாதிரி இருக்கும். அதைச் செருகினால்தான் சாஃப்ட்வேர் திறக்கும். சில வருடங்களில் அதைத் தயாரித்தவர்கள் அதைக் கைவிட்டுவிட்டார்கள். புதியது ஒன்று வந்தது. அதில் என் பழைய ஃபைல்கள் திறக்கவே இல்லை. அவ்வளவையும் முதலிலிருந்து வரைய எனக்குத் தெம்பும் இல்லை, நாளும் இல்லை. அதனால் பழையதையே பிடித்துக்கொண்டேன்.

சாஃப்ட்வேர் பழையதாகவே இருக்கலாம், கம்ப்யூட்டர் அப்படி இருக்காதே. மூன்று நான்கு வருடத்துக்கு ஒன்று படுத்துவிடும். புதிதாக வாங்கினால் அதில் இந்த சாஃப்ட்வேர் ஏறாது. 'பூட்டைக் காணவில்லை' என்று திரையில் ஒரு பெட்டி வந்து நிற்கும். அப்போதெல்லாம் வந்து சரிசெய்து கொடுத்தவர்தான் நான் அண்ணே என்று கூப்பிட்டவர்.

மிஷின் வாங்கிய காலத்தில் சர்வீஸுக்கு வந்து பழக்கமானவர். பிறகு தனியாகத் தொழில் பார்த்தார். போன் போட்டால், "இந்தா வாரேன் தங்கச்சி" என்பார், சொன்னபடி வருவார். பழைய ஹார்ட் டிஸ்கைக் கழற்றி, பூட்டையும் வாங்கிக்கொண்டு, "ஃபைல் அம்புட்டையும் பத்திரமா எடுத்து வச்சுட்டுக் கொண்டாரேன்" என்று தன் வீட்டுக்கு எடுத்துப் போவார். இரண்டு நாள் கழித்து வந்து உட்கார்ந்து ஏற்றிக் கொடுப்பார். என் அப்பா இறந்த அன்று காலையிலேயே வந்து வாடகை நாற்காலிகளை வண்டியிலிருந்து இறக்கிப் போட்டுக்கொண்டிருந்தார். என் மகளுக்குக் காது குத்தியபோது பந்தியில் நின்று பரிமாறினார். இப்படிப்பட்ட மனுஷர்மேல் யாருக்குச் சந்தேகம் வரும்?

போன தை மாதம் ஒரு அம்மா தன் மகளின் ரவிக்கை ஒன்றைக் கொண்டுவந்தார்கள். உசிலம்பட்டியில் தைத்ததாம். அதே மயிலை வேறு நிறத்தில் போட்டுத்தர வேண்டும் என்றார்கள். பார்த்ததுமே என் மயில் மாதிரி இருக்கிறதே என்று தோன்றியது. மயில் யார் வேண்டுமானாலும் போடலாம். துணியை உள்பக்கம் திருப்பினேன். தோகையின் மூன்றாவது இறகில் ஊசி ஒரு தடவை தேவையில்லாமல் பின்னால் போய்த் திரும்பியிருந்தது. அங்கே கடுகளவு ஒரு முடிச்சு. அது நான் வரைந்தபோது செய்த தப்பு. வெளியே தெரியாதென்று திருத்தாமல் விட்டிருந்தேன்.

அந்த அம்மாவிடம் கடையை விசாரித்துக்கொண்டு மறுநாள் அந்த ரவிக்கையோடு உசிலம்பட்டிக்கு பஸ் ஏறினேன். சந்தை நாள். பஸ் முழுக்கக் கூட்டம். வழியெல்லாம் எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டு போனேன்.

கடையில் என் வயதுக்காரப் பெண் ஒருத்தி இருந்தாள். நானும் இதே தொழில்தான் என்றதும் முகமெல்லாம் சிரிப்பு. கம்ப்யூட்டரை அவளே என் பக்கம் திருப்பிக் காட்டினாள். அதே பழைய சாஃப்ட்வேர். என் பூட்டுக்கும் அண்ணன் ஒரு நகல் செய்து கொடுத்திருந்தார். ஒவ்வொரு ஃபைலுக்கும் நான் வைத்த பெயர்கள்கூட மாறவில்லை.

"டிசைன் எல்லாம் மதுரையில இருந்து ஒரு அண்ணன் குடுத்தாருக்கா. எல்லாம் அவரே உக்காந்து வரைஞ்சதாம். சும்மா சொல்லக்கூடாது, நல்ல கை" என்றாள்.

நான் ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே வந்தேன். பசுமலைப் பள்ளிக்கூடங்களுக்குப் போட்ட பேட்ஜ்கள், மாங்காய், அன்னம், தாமரை. கடைசியில் ஓர் ஆட்டுக்குட்டி.

அது விற்பனைக்குப் போட்டதே இல்லை. மகளுக்கு ஐந்து வயதில் டெங்கு வந்து ஆஸ்பத்திரியில் கிடந்தபோது மருந்துச் சீட்டின் பின்பக்கம் அவள் வரைந்தது. ஒரு காது பெரியது, ஒரு காது சின்னது. கால்கள் ஐந்து. அதை அப்படியே கம்ப்யூட்டரில் ஏற்றி ஒரு கைக்குட்டையில் தைத்துக் கொடுத்தேன். ஒரே ஒரு கைக்குட்டை.

"இது நல்லா ஓடுதுக்கா. பாப்பா கவுனுக்கெல்லாம் இதத்தான் கேக்குறாக. அஞ்சாவது காலை மட்டும் எடுத்துட்டேன்" என்றாள் அவள்.

அப்போதுதான் அவளிடம் உண்மையைச் சொன்னேன். முதலில் நம்பவில்லை. ரவிக்கையின் உள்பக்க முடிச்சைக் காட்டிய பிறகு எழுந்து நின்றுவிட்டாள். "சத்தியமா எனக்குத் தெரியாதுக்கா" என்று திரும்பத் திரும்பச் சொன்னாள். என் கண்முன்னால் ஆட்டுக்குட்டியை அழித்தாள். மற்றவற்றை அழிக்கச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அவளும் ஏமாந்தவள்தானே.

கம்ப்யூட்டர் ஓடவில்லை என்று பொய் சொல்லி அண்ணனை வரவழைத்தேன். வழக்கம்போல் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து, "என்ன தங்கச்சி, மறுபடியும் மக்கர் பண்ணுதா?" என்றார்.

"உசிலம்பட்டிக்குப் போயிருந்தேண்ணே."

மறுப்பார் என்று நினைத்தேன். மறுக்கவில்லை.

"இத்தன வருஷமா உன் சாஃப்ட்வேர உசுரோட வச்சிருக்கது யாரு? நான் இல்லேன்னா இதுல ஒரு டிசைனையும் நீயே தெறக்க முடியாது. அப்ப எனக்கும் அதுல கொஞ்சம் பாத்தியதை இல்லையா?"

"ஆட்டுக்குட்டியிலயுமா?"

"எந்த ஆட்டுக்குட்டி?" என்றார். நடிக்கவில்லை. உண்மையிலேயே அவருக்குத் தெரியவில்லை. என்ன இருக்கிறது என்று திறந்துகூடப் பார்க்காமல் மொத்தமாக அள்ளிக் கொடுத்திருக்கிறார். திருடியதைவிட அதுதான் எனக்கு அதிகம் வலித்தது.

இனி வீட்டுக்கு வர வேண்டாம் என்றேன். போய்விட்டார். அதன்பிறகு பல நாள் பழசை எல்லாம் புரட்டிக்கொண்டே இருந்தேன். அப்பா சாவன்று நாற்காலி இறக்கினாரே, அப்போது அவர் மனதில் என்ன இருந்தது? பந்தியில் பரிமாறிய கை அதற்கு முன்பே என் ஹார்ட் டிஸ்கை நகல் எடுத்திருந்ததா, பிறகுதான் எடுத்ததா? இந்தக் கணக்கு எனக்கு இன்றுவரை பிடிபடவில்லை.

மே மாதக் கடைசியில் கம்ப்யூட்டர் நிஜமாகவே படுத்துவிட்டது. பள்ளிக்கூடம் திறக்கிற நேரம். பேட்ஜ் வேலை குவிந்து கிடந்தது. புதிதாக ஒன்று வாங்கி வந்தோம். ஃபைல்களைக் கடைக்காரரே பழைய டிஸ்கிலிருந்து மாற்றித் தந்தார், சிடியைப் போட்டு சாஃப்ட்வேரை நானே ஏற்றிப் பார்த்தேன். வழக்கம்போல் அதே பெட்டி: பூட்டைக் காணவில்லை.

மூன்றாம் நாள் வாசலில் வண்டிச் சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்தால் அவர் நிற்கிறார். என் கணவர்தான் எனக்குத் தெரியாமல் போன் போட்டிருக்கிறார்.

"ஏங்க, நீங்களா கூப்பிட்டீங்க?"

"வேற என்னம்மா பண்றது? அவருக்குத்தான் இது தெரியும். நடந்தது நடந்துபோச்சு. வேலை முடியணும்ல?"

நான் வாசலுக்குப் போய், "வேணாம், போங்க" என்றேன். வண்டியைத் திருப்பினார். கணவரோடு அன்று நான் சாப்பிடவில்லை. அந்த மனுஷர் வெளியார். இவர்? என் வீட்டுக்குள் இருந்துகொண்டே, நான் மூடிய கதவைப் பின்னால் நின்று திறந்துவிட்டாரே.

மிஷின் வந்த அட்டைப்பெட்டி பரண்மேல் இருந்தது. அதை இறக்கினேன். உள்ளே சிடியின் உறையும் அதோடு மடித்த ஒரு தாளும் இருந்தன. இத்தனை வருடத்தில் அந்தத் தாளை நான் பிரித்ததே இல்லை. ஆங்கிலம். மகளின் அகராதியை வைத்துக்கொண்டு வரி வரியாகப் படித்தேன். நாலாவது வரியில் இருந்தது: பூட்டுக்கான சின்ன புரோகிராமை முதலில் ஏற்றுங்கள், அது முடிந்த பிறகுதான் பூட்டைச் செருக வேண்டும்.

அதைப் படித்ததும் எனக்கு ஒன்று புரிந்தது. ஒவ்வொரு தடவையும் இந்த இடம் வரும்போதுதான் அவர், "தங்கச்சி, ஒரு டீ போடுறியா?" என்பார். நான் அடுப்படிக்குப் போவேன். டீயோடு திரும்பும்போது சாஃப்ட்வேர் திறந்திருக்கும். ஏதோ வித்தை என்று நினைத்து வாயைப் பிளந்திருக்கிறேன்.

பூட்டைப் பிடுங்கினேன். தப்பாக ஏறியதை அழித்துவிட்டு, தாளில் சொன்ன வரிசைப்படி செய்தேன். முதல் தடவை வரவில்லை. பழைய விண்டோஸ் மாதிரி ஓடு என்று ஒரு இடத்தில் டிக் அடிக்க வேண்டும் என்று இணையத்தில் தேடிக் கண்டுபிடித்தேன். டிக் அடித்ததும் திறந்தது. என் மயில், என் மாங்காய், எல்லாம் வந்து நின்றன. சந்தோஷம் வரும் என்று பார்த்தேன். வரவில்லை. இம்புட்டு சின்ன விஷயத்துக்கா என்று அழுகைதான் வந்தது. கணவர் கதவோரம் நின்று பார்த்துவிட்டு, "நீயே பண்ணிட்டியா!" என்றார். நான் பேட்ஜ் வேலையை ஆரம்பித்தேன்.

போன மாதம் பசுமலையில் ஒரு பள்ளிக்கூடத்துக்கு பேட்ஜ் கொடுக்கப் போயிருந்தேன். அலுவலக வாசலில் அவர் எதிரே வந்தார். அங்கே கம்ப்யூட்டர் பார்க்க வந்திருப்பார் போல. கொஞ்சம் இளைத்திருந்தார். ஒதுங்கிப் போய்விடுவார் என்று நினைத்தேன். நின்றார்.

"சாஃப்ட்வேர் ஓடுதா தங்கச்சி?"

"ஓடுதுண்ணே" என்றேன்.

அண்ணே என்று என் வாயில் வந்துவிட்டது. இத்தனைக்கும் பிறகு, அதுவும் அவர் முகத்துக்கு நேரே. அவர் தலையாட்டிவிட்டுப் படியிறங்கிப் போனார். கையெழுத்து வாங்க வேண்டிய சீட்டைக் கையில் பிடித்துக்கொண்டு, என் நாக்கின்மேல் வந்த கோபத்தோடு அங்கேயே நின்றுகொண்டிருந்தேன்.