கனிஷ்கா அழாமல் தூங்கிய பகல்

குருவிட்டவுக்குப் பக்கத்தில் ஒரு இறப்பர் தோட்டம். தொழிலாளர் வீடுகளை வரிசையாக ஒட்டிக் கட்டிய அதன் கீழ் லயத்தில் நிரோஷனின் குரலைக் கேட்காதவர் யாரும் கிடையாது. பிறந்தது றக்வான மலையில். பள்ளிக்கூடத்தை விட்டதும் தனியார் பஸ்ஸில் கொண்டக்டராகத் தொற்றிக்கொண்டு, வளைவுக்கு வளைவு ஊர்ப்பெயர்களைக் கூவியே தொண்டையைப் பெருக்கிக்கொண்டவன். சுகந்தினியைக் கட்டிய பிறகு மாமனார் ஊரோடு வந்து பால்வெட்டு வேலையில் சேர்ந்தான். எதிரே ஒரே ஒரு ஆள் நின்றாலும் பின் ஸீட்டு வரைக்கும் கேட்கிற மாதிரிதான் பேசுவான். ஆள் தங்கம், ஆனால் மெதுவாக ஒரு காரியம் செய்யத் தெரியாது என்று லயத்தில் எல்லோரும் சொல்வார்கள்.

அப்படிப்பட்டவன் கையில் ஏழு மாதக் கைக்குழந்தையைக் கொடுத்து, பகலில் தூங்கப்போடு என்றால் என்ன நடக்கும்? அதுதான் நடந்தது.

சுகந்தினி ஒரு கார்மெண்ட் ஃபெக்டரியில் மெஷினில் தைப்பவள். பிரசவ லீவு முடிந்து மதியம் தொடங்கும் பின்னேர ஷிப்டில் திரும்பச் சேர்ந்திருந்தாள். காலையில் பிள்ளை அவளோடு. அவன் பால் வெட்டி, ஸ்டோரில் நிறுத்துக் கொடுத்துவிட்டு, பீலித் தண்ணீரில் குளித்து வரும்போது ஃபெக்டரி பஸ் வந்து நிற்கும். வாசலிலேயே கைமாற்றம். அவளுக்கு அந்த வேலை வெறும் சம்பளம் மட்டுமில்லை. தைத்து வருகிற சட்டையைப் பார்த்து இது தேறும், இது தேறாது என்று சொல்கிற செக்கர் வேலைக்கு அவளைப் பழக்கப்போவதாக 'நோனா' என்று எல்லோரும் அழைக்கும் சூப்பர்வைசர் அம்மா சொல்லியிருந்தார். தன் வாயிலிருந்து வருகிற சொல்லுக்கு ஒரு மதிப்பு இருக்கும் என்பதை நினைத்து நினைத்து அவள் பூரித்துப் போயிருந்தாள்.

அந்தப் பூரிப்பில் மண் விழுந்தது பிள்ளை கனிஷ்காவால்தான். அம்மா பஸ் ஏறிய பிறகும் கொஞ்ச நேரம் சிரித்துக்கொண்டுதான் இருப்பாள். பிறகு தொடங்கினால், மேல் லயம் வரைக்கும் கேட்கும். அப்பன் குரல் அப்படியே வாய்த்திருந்தது.

லயத்தில் ஒரு பிள்ளை அழுதால் அது அந்த வீட்டு விஷயம் மட்டும் இல்லை. ஒரு வீட்டுக் காம்பராவுக்கும் அடுத்த வீட்டுக் காம்பராவுக்கும் ஒரே சுவர். முதல் சத்தத்துக்கே பக்கத்துக் காம்பரா மருதாயி அத்தை ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு ஓடி வருவாள். அவள் பின்னால் மற்றவர்கள். ஒருத்தி உப்பும் மிளகாயும் சுற்றிப் போடுவாள், ஒருத்தி வயிற்றில் வெற்றிலையைச் சூடு காட்டி வைப்பாள், ஒருத்தி கிலுகிலுப்பையை ஆட்டுவாள், ஒருத்தி டீவியைப் போடுவாள். பிள்ளை கை மாறி, தோள் மாறி, கடைசியில் களைத்துப்போய் விம்மி விம்மிக் கண்ணை மூடும். தூக்கத்திலும் அந்த விம்மல் நிற்காது. அதைப் பார்க்கும்போது நிரோஷனுக்கு நெஞ்சை அறுக்கும். கிளினிக்கில் மிட்வைஃப் மிஸ் நிறுத்துப் பார்த்துவிட்டு, "பபாட்ட லெடக் நெஹே" என்று சிங்களத்தில் சொல்லிச் சிரித்தார். நோய் ஒன்றும் இல்லையாம். சந்தோஷம்தான். ஆனால் நோய் இருந்தாலாவது மருந்து கிடைத்திருக்கும்.

அம்மா வாசம் இருந்தால் அடங்கும் என்று யாரோ சொல்ல, ஒரு நாள் சுகந்தினியின் நைட்டியைத் தோளில் போர்த்திக்கொண்டு பிள்ளையைத் தூக்கினான். கனிஷ்கா நைட்டியை முகர்ந்தாள். தலையை நிமிர்த்தி மேலே இருந்த மீசையைப் பார்த்தாள். ஏமாற்றப்பட்டவள் மாதிரி இரண்டு மடங்காக அலறினாள். அன்றைக்கு லயம் சிரித்த சிரிப்பு அடங்க வெகுநேரம் ஆனது. அவன் மட்டும் சிரிக்கவில்லை.

தேத்தண்ணி நேரத்தில் சுகந்தினி வீட்டுக்குப் போன் எடுப்பாள். போன் வழியே அவள் கேட்பதெல்லாம் அழுகைதான். ஒரு வியாழக்கிழமை வேலைக்குக் கிளம்பும்போது சொன்னாள்:

"நாளையோட பாக்குறேங்க. நாளைக்கும் இப்படித்தான்னா, தேத்தண்ணிக்கு விட்டதும் வேலையில இருந்து நின்னுக்கிறேன்னு நோனாகிட்ட சொல்லிடுவேன்."

"செக்கர் வேலை?"

"புள்ள இப்படிக் கதறயில நான் யார் சட்டையப் பாத்துச் சரி பிழை சொல்றது?"

அவளிடமிருந்து இதைப் பறிப்பது தன்னுடைய கையாலாகாத்தனம் என்று அவனுக்குப் பட்டது. வெட்கமாக இருந்தது.

அன்று காலையிலும் அவனுக்கு நல்ல நேரம் இல்லை. விடியுமுன் பெய்த மழையில் மரமெல்லாம் நனைந்து கிடந்தது. பட்டை காய்ந்து வெட்டத் தொடங்குவதற்குள் வெயில் ஏறிவிட்டது. வெயில் ஏறினால் பால் ஓடாது. ஆத்திரத்தில் கத்தியைக் கொஞ்சம் அழுத்தினான். பால் கூடவில்லை, மரத்தில் காயம்தான் விழுந்தது. பால்வெட்டுகிறவன் செய்யக்கூடாத பிழை அது. மரம் தருகிற நேரத்தை விட்டுவிட்டு, பிறகு எவ்வளவு பலம் காட்டினாலும் பால் வடியும் சிரட்டை நிறையாது என்று அவனுக்குத் தெரியும். தெரிந்தும் செய்துவிட்டோமே என்ற கடுப்போடுதான் வீட்டுக்கு வந்திருந்தான்.

சுகந்தினி போன பிறகு பாயில் பிள்ளைக்கு எதிரே உட்கார்ந்தான். கனிஷ்கா ஒரு டின் மூடியைத் தட்டி விளையாடிக்கொண்டிருந்தாள். தட்டுவது குறைந்தது. மூடி கையிலிருந்து நழுவியது, எடுக்கவில்லை. சுவரையே வெறித்துப் பார்த்தாள். ஒரு கை போய்க் காதைப் பிடித்தது. வாசலால் போன மருதாயி எட்டிப் பார்த்து, "ஏன்டா, புள்ள சோந்து போயி இருக்கு? தூக்கி வெளையாட்டுக் காட்டு" என்றாள். அவனும் வழக்கம்போலத் தூக்கிக் குலுக்கி, வாசலுக்குக் கொண்டுபோய்ச் சேவலைக் காட்டி, பெரிய சத்தத்தில் கொக்கரித்துக் காட்டினான். கனிஷ்கா ஒரு சிரிப்புச் சிரித்தாள். பிறகு தொடங்கிவிட்டாள்.

அழுகை லயத்தைக் கூட்டிக்கொண்டிருக்கும்போதே அவனுக்கு விளங்கிவிட்டது. பிள்ளை சோர்ந்து போகவில்லை. அவள் தூக்கத்துக்குத் தயாராகி நின்றாள். அந்த நேரத்தில்தான் தினமும் சேவலைக் காட்டினோம், கைதட்டினோம், ஊரைக் கூட்டினோம். தூக்கம் வந்த வழியே திரும்பிப் போன பிறகு, வெயில் ஏறிய மரத்தில் கத்தியை அழுத்தியது போல, போட்டு ஆட்டியிருக்கிறோம். அழத் தொடங்கிய பிறகுதான் தூங்கப்போட வேண்டும் என்று யார் சொன்னது? யாரும் சொல்லவில்லை. எல்லோரும் அப்படித்தான் செய்தார்கள்.

வெள்ளிக்கிழமை சுகந்தினி பிள்ளையை முத்தமிட்டுவிட்டு, அவனைப் பார்க்காமலே பஸ் ஏறினாள். அவன் நேரே மருதாயியிடம் போனான்.

"அத்தை, இன்னைக்குப் புள்ள அழுதாலும் நான் கூப்புடுற வரைக்கும் வர வேணாங்க. மத்தவங்களுக்கும் சொல்லிடுங்க."

மருதாயிக்கு முகம் சுருங்கிவிட்டது. "நாங்க என்னடா கெடுதலா செஞ்சோம்?"

"நீங்க இல்லாட்டி நான் இத்தன நாள் தாங்கியிருக்க மாட்டேன், அத்தை. இன்னைக்கு ஒரு நாள் எனக்காகப் பொறுங்க."

அவள் விருட்டென்று உள்ளே போனாள். அடுத்த கணம் டீவிச் சத்தம் நின்றது.

பிள்ளைக்குக் கஞ்சி ஊட்டி, துணி மாற்றினான். வெளிச்சம் மறைய ஜன்னலில் துவாயைத் தொங்கவிட்டான். பிறகு காத்திருந்தான். மூடி நழுவியது. பார்வை சுவருக்குப் போனது. கை காதுக்குப் போவதற்குள் அவளைப் பூப்போல அள்ளி, சேலைத் தொட்டிலில் போட்டு, நெஞ்சில் உள்ளங்கையை வைத்தான். தாலாட்டு ஒன்றும் தெரியாது. தெரிந்ததைச் சொன்னான். குருவிட்ட, இரத்தினபுரி, பெல்மதுளை, கஹவத்தை, மாதம்பை, றக்வான என்று, அந்தப் பெயர்களை அவ்வளவு தாழ்ந்த குரலில் எந்தக் கொண்டக்டரும் சொல்லியிருக்க மாட்டான்.

கனிஷ்கா முகத்தைச் சுளித்தாள். உதடு பிதுங்கியது. ஒரு சிணுங்கல் வந்தது. சுவருக்கு அந்தப் பக்கம் பாத்திரம் வைக்கிற சத்தம் கேட்டது, காலடியும் கேட்டது. பிறகு காலடி நின்றுவிட்டது. அவன் பிள்ளையைக் குலுக்கவில்லை. தொட்டிலிலிருந்து தூக்கி, தோளில் சாய்த்து, சிணுங்கல் அடங்கும்வரை முதுகைத் தடவினான். திரும்பப் போட்டான். பழையபடி கையை வைத்தான். அவன் குரலில் ஓடிய பஸ் திரும்பி குருவிட்டவுக்கு வந்து, மறுபடி புறப்பட்டது. அவள் அவன் முகத்தையே பார்த்தாள். கண் சொருகியது, திறந்தது, சொருகியது. கஹவத்தையைத் தாண்டுமுன் மூடிவிட்டது. விம்மல் இல்லை. ஒரு பெருமூச்சு, அவ்வளவுதான்.

அவனுக்குக் குதித்து ஆட வேண்டும் போலிருந்தது. ஆடவில்லை, தரையில் உட்கார்ந்து வாயைப் பொத்திக்கொண்டான்.

கொஞ்ச நேரத்தில் வாசலில் ஆள் கூடிவிட்டது. வழக்கமாக அழுகை கேட்கிற நேரத்தில் சத்தமே இல்லை என்றதும், லயமே பயந்து வந்திருந்தது. மருதாயி முன்னால் நின்றாள். "புள்ளைக்கு என்னடா ஆச்சு?" அவன் உதட்டில் விரலை வைத்து, தொட்டில் சேலையைக் கொஞ்சம் விலக்கிக் காட்டினான். மருதாயி எட்டிப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே நின்றாள். பிறகு திரும்பி, பின்னால் நின்றவர்களைக் கோழி விரட்டுவது மாதிரி இரண்டு கையாலும் விரட்டினாள். சாயந்தரம் வரைக்கும் அந்த வாசலில் ஒருவரையும் அவள் நடக்க விடவில்லை.

தேத்தண்ணி நேரத்துக்கு போன் அதிர்ந்தது. எடுத்து, "ம்" என்றான்.

"யாருங்க பேசுறது?" என்றாள் சுகந்தினி.

"நான்தான். மெதுவாப் பேசு."

"புள்ள எங்க? ஏன் சத்தமே இல்ல?"

"தூங்குறா. அழவே இல்ல, சுகந்தி. சும்மா ஒரு சிணுங்கல். கைய வச்சேன், தூங்கிட்டா."

அந்தப் பக்கம் பெண்களின் இரைச்சலும் கோப்பைச் சத்தமும் மட்டும் கேட்டன. அவள் அழுகிறாளோ என்று பயந்தான். பிறகு போனை விலக்கிப் பிடித்துக்கொண்டு அவள் சிங்களத்தில் கூவியது கேட்டது: "பபா நிதி! பபா நிதி!" பிள்ளை தூங்கிவிட்டாளாம். ஏதோ லொத்தர்ச் சீட்டு விழுந்தது போல அத்தனை பெண்களும் சேர்ந்து கத்தினார்கள். தொட்டில் பக்கம் போன் சத்தம் போகாதபடி நிரோஷன் அதை நெஞ்சோடு அழுத்திக்கொண்டான். கண்ணில் தண்ணீர் வழிந்தது, துடைக்கவும் தோன்றவில்லை.

மறுபடி காதில் வைத்தபோது அவள் மூச்சிரைக்கப் பேசிக்கொண்டிருந்தாள்.

"இருங்க, நோனா அந்தா நிக்கிறாங்க. மணி அடிக்கிறதுக்குள்ள போய்ச் சொல்லணும்."

"என்னான்னு?"

"திங்கக்கிழமையிலிருந்து நான் செக்கர் பழக வாறேன்னு."