பச்சைக் குறியிட்ட சீசா

கோபத்தை அளக்க ஒரு ஸ்டாப் வாட்ச் போதும். ஆண் சுண்டெலி ஒன்றை நான்கு வாரம் தனிப்பெட்டியில் அடைத்து வைக்க வேண்டும். பிறகு அதன் பெட்டிக்குள் வேறொரு எலியை விட வேண்டும். முதல் கடி எத்தனையாவது நொடியில் விழுகிறது, மூன்று நிமிடத்துக்குள் எத்தனை கடி, காதிலா, வாலிலா, அடிவயிற்றிலா என்று குறித்துக்கொள்ள வேண்டும். படித்தவன் செய்யும் வேலை இதுதானா என்று மாமனார் ஒருமுறை கேட்டார். இதற்குத்தான் படித்தேன் என்றேன்.

எண்பதுகளில் நான் வேலை பார்த்த ஆய்வுக்கூடம் திண்டிவனத்துக்கு வெளியே, மூடிப்போன ஓர் அரிசி ஆலைக்குள் இருந்தது. குடியிருந்தது விழுப்புரத்தில், தினமும் ரயிலில் போய்வந்தேன். மூர்க்கத்தை அடக்கும் மருந்துகள் மூளையில் எந்த ரிசெப்டாரில், அதாவது எந்த இடத்தில் போய் ஒட்டிக்கொள்கின்றன என்பது எங்கள் கேள்வி. சோதனை முடிந்த எலியின் தலையைக் கைக்கடக்கமான கில்லட்டினில் வெட்டுவோம். மண்டையோட்டைக் கத்தரியால் பிளந்து, மூளையை ஐஸில் போட்டு, அதை பிளாஸ்கில் வைத்து நான் சென்னைக்கு எடுத்துப் போவேன். ஐஸ் மீன் கடையிலிருந்து வரும். பஸ்ஸில் ஒருமுறை கண்டக்டர், பிளாஸ்கில் என்ன சார் என்று கேட்டார். மூளை என்றேன்.

"வறுத்தாச்சா, இல்ல இனிமேதானா?" என்று கேட்டுவிட்டு டிக்கெட்டைக் கிழித்தார்.

ஆய்வுக்கூடத்தில் கூண்டு கழுவ ஒரு பெண் இருந்தாள். முப்பது வயதுக்குள் இருக்கும். கணவன் மல்லாட்டை மண்டியில் வேர்க்கடலை மூட்டை தூக்குபவன். சனிக்கிழமை மதியத்தோடு மண்டி மூடும். சாராயக் கடை மூடாது. அவனுடைய சைக்கிள் சத்தம் கேட்டதும் இவள் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு அதே தெருவிலிருந்த அண்ணன் வீட்டுக்கு ஓடிவிடுவாள். ஓடத் தவறிய வாரங்களில், திங்கட்கிழமை அவள் முகத்தில் தெரியும். எதையும் குறித்துவைக்கும் பழக்கமுள்ள நான் அதை மட்டும் குறிக்கவில்லை. என் நோட்டில் அதற்குக் கட்டம் இல்லை.

அந்தச் சோதனையில் மூன்று சீசாக்கள். ஒன்றில் மூர்க்கத்தை அடக்கும் மருந்து, ஒன்றில் அதைக் கிளப்பும் மருந்து, ஒன்றில் வெறும் உப்புத் தண்ணீர். மூடிகளில் சிவப்பு, பச்சை, மஞ்சள் பட்டை ஒட்டி, என் மேலதிகாரி சென்னையிலிருந்து அனுப்புவார். எது எந்த நிறத்தில் என்பது வாரத்துக்கு வாரம் மாறும். அந்த விவரம் அரக்கு வைத்த உறைக்குள் கூடவே வரும்; சோதனை முடியும்வரை பிரிக்கக் கூடாது. ஊசி போடுபவனின் ஆசை கணக்கில் கலந்துவிடக் கூடாது என்பதற்காக இந்த ஏற்பாடு. நிறம் மாறுகிறது என்பதையும் உதவியாளர்களிடம் சொல்லக் கூடாது. நான் சொல்லவில்லை. விதி மீறி எனக்குப் பழக்கமில்லை.

முதல் வாரம் மஞ்சள் போட்ட எலிகள் உள்ளே விட்ட எலியைக் குதறி எடுத்தன. ஒன்றின் காது தனியாக மரத்தூளில் கிடந்தது. பச்சை போட்டவை மூலையில் உட்கார்ந்து மீசையைத் துடைத்துக்கொண்டிருந்தன. அவள் பெட்டிக்குள் குனிந்து பார்த்தாள்.

"இன்னா சார், இது கம்முனு உக்காந்துகினு இருக்குது. இதான போன மாசம் என் வெரலக் கடிச்சிது."

"மருந்து."

"பச்சையா?"

"உனக்கு எதுக்கு அது. அடுத்த பெட்டிய எடு."

எடுத்தாள். வைத்தாள். "ஆம்பளைங்களுக்குக் குடுத்தா வேல செய்யுமா சார்?"

"எலி முப்பது கிராம். உன் வீட்டுக்காரர் அறுபது கிலோவாவது இருப்பாரு. எத்தன மடங்குன்னு கணக்குப் போட்டுப் பாரு."

"எனுக்குக் கணக்கு வந்தா நான் ஏன் சார் எலிப் புழுக்கைய வாரிகினு கீறேன்," என்று சிரித்தாள். பேச்சு அதோடு முடிந்தது என்று நினைத்தேன்.

மூன்றாம் வாரம் முடிந்து, திங்கட்கிழமை அவள் வரவில்லை. சனிக்கிழமை இருந்ததைவிடப் பச்சைச் சீசாவில் பாதி குறைந்திருந்தது. மாலையில் அவளுடைய அண்ணன் வந்து, விழுப்புரம் ஆஸ்பத்திரியில் சேர்த்திருப்பதாகச் சொன்னார். வீட்டுக்குப் போகிற வழிதான், போய்ப் பார்த்தேன். இடது கன்னத்தில் காதோரம் தொடங்கி உதடுவரை தையல். இடது முன்கையில் மாவுக்கட்டு. படியில் விழுந்துவிட்டதாக டாக்டரிடம் சொல்லியிருந்தாள். என்னிடம் வாயின் ஒரு பக்கத்தால் மெல்லப் பேசினாள்.

"கூழ்ல ஊத்திக் குடுத்தேன் சார். குடிச்சான். நீங்க பண்ற மாரியே அரை மணி நேரம் வுட்டேன். எதிர் வூட்டு ரேடியோவ வெச்சி நேரம் பாத்துகினேன். புள்ளைய மட்டும் அண்ணன் வூட்டுக்கு அனுப்பிட்டேன்."

"அப்புறம்?"

"அப்புறம் உள்ள போயி எதிர்ல உக்காந்தேன்."

ஊசி, அரை மணி நேரம், பிறகு பெட்டிக்குள் இன்னொரு எலி. வரிசை மாறாமல் செய்திருக்கிறாள். உள்ளே விடுவதற்கு அவளிடம் வேறு எலி இல்லை.

"கொஞ்ச நேரம் கம்முனுதான் இருந்தான். சரி, புடிச்சிக்கிச்சின்னு நெனச்சிகினு, எப்பவும் கேக்காதத கேட்டேன். ஏன்யா என்ன அடிக்கிறன்னு."

மூட்டையில் மாட்டி இழுக்கும் இரும்புக் கொக்கி அவன் பக்கத்திலேயே இருந்தது. முதல் வீச்சில் கன்னத்தில் இறங்கி வாய்வரை கிழித்துக்கொண்டு வந்தது. அடுத்ததைத் தடுக்கக் கையைத் தூக்கினாள். கை முறிந்தது. விழுந்தவளை விலாவில் உதைத்தான். கூழ்ச்சட்டிக்குள் இரண்டு பற்கள் கிடந்ததாக அண்ணன் சொன்னார்.

"ஓடி இருப்பேன் சார். மருந்து இருக்குதேன்னு ஓடல." சற்று மூச்சு வாங்கினாள். "கலர் மாறிப்போச்சா? அடுத்த தபா எதுன்னு மட்டும் சொல்லிடுங்க."

அடுத்த தடவை ஒன்று இருக்கும் என்று அவள் நம்பினாள். உறையைக் காட்டாமல் வாயால் எதைச் சொன்னாலும் ஏதோ ஒரு நிறத்தை எடுத்துக்கொண்டு அவனெதிரே போய் உட்காருவாள். உறையைப் பிரித்தால் சோதனை செத்தது. அந்த விதியை எழுதியவர்களில் நானும் ஒருவன். மறுநாள் உறையை ஆஸ்பத்திரிக்கு எடுத்துப்போய், அவள் கண்ணெதிரே அரக்கை உடைத்தேன்.

மூன்றாம் வாரம் பச்சை என்பது உப்புத் தண்ணீர்.

நிஜ மருந்தாக இருந்திருந்தாலும் அந்த அளவு ஒரு மனிதனை ஒன்றும் செய்திருக்காது என்பதையும் சொன்னேன். எந்த நிறமும் செய்யாது என்றேன்.

"அப்ப அந்த அரை மணி நேரம் மருந்து எனுக்குத்தான் வேல செஞ்சிருக்குது," என்றாள். பிறகு, "பொம்மையார்பாளையத்துல என் சிநேகிதி ஒருத்தி மீன் விக்கிது. அவளப் பத்தி இவனுக்குத் தெரியாது. போயிடறேன். நீங்க வாயத் தெறக்காதீங்க."

வியாழக்கிழமை அவளையும் பிள்ளையையும் நானும் அண்ணனும் பஸ் ஏற்றிவிட்டோம்.

மேலதிகாரியிடம் தொலைபேசியில் நடந்ததைச் சொன்னேன். அவர் அதிர்ந்து பேசாதவர். "ரகசியக் கோட் ஒடஞ்ச எலிங்கள வெச்சிக்கினு என்ன பண்றது. முடிச்சிடுங்க," என்றார். வெள்ளிக்கிழமை முற்பகல் முடிக்க உட்கார்ந்தேன். மூளை தேவையில்லை என்பதால் கில்லட்டினும் தேவையில்லை. எலியை மேஜையில் விட்டு, பென்சிலைப் பின்கழுத்தில் குறுக்கே அழுத்தி, வாலைப் பிடித்து ஒரே இழுப்பு. விரலுக்கடியில் சின்னதாக ஒரு முறிவு தெரியும். தெரிந்தால் சரியாகச் செய்திருக்கிறோம் என்று அர்த்தம்.

பத்துப் பன்னிரண்டு முடித்திருப்பேன். அவளுடைய கணவன் உள்ளே வந்தான். தோளில் கொக்கி.

"எங்க சார் அவ?"

"தெரியாது."

"உங்களுக்குத் தெரியும். பஸ் ஸ்டாண்டுல பாத்தவன் சொன்னான்."

"எந்த பஸ்ஸுன்னு சொன்னானா?"

கொக்கியை மேஜைமேல் இறக்கினான். செத்த எலிகளைப் போட்டிருந்த தட்டுக்கு ஒரு சாண் தள்ளிப் பலகையில் குத்தி நின்றது. எழுந்து ஓட வேண்டும் என்றுதான் தோன்றியது. ஆனால் கை அடுத்த பெட்டியைத் திறந்துவிட்டது. பென்சில், வால், இழுப்பு. அடுத்தது. ஒன்று சரியாக விழாமல் பின்னங்கால்களை உதறிக்கொண்டே இருந்தது. அதை மறுபடி செய்தேன். மூக்கில் ரத்தம் கட்டியவை தட்டில் ஒன்றன்மேல் ஒன்றாகக் குவிந்தன. நான் நிமிர்ந்து பார்க்கவில்லை.

"இன்னா சார் இது," என்றான் கடைசியில். குரல் இறங்கியிருந்தது. "பாவம் சார். அதுங்க உங்கள இன்னா பண்ணிச்சுங்க?"

"ஒண்ணும் பண்ணல," என்றேன்.

ஓர் அடி பின்னால் போனான். கொக்கியைப் பலகையிலிருந்து பிடுங்கிக்கொண்டான். அவளைப் பற்றி மறுபடி கேட்கவில்லை. வெளியே குழாயடியில் அவன் வாந்தியெடுக்கும் சத்தம் கேட்டது; பிறகு சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போகும் சத்தம்.

இன்னும் பதினொன்று மிச்சம் இருந்தன. முடித்தேன்.