சீச்சீ மாமாவின் முதுகு

என் வீட்டுக்காரரை நாத்தனார் பிள்ளைகள் சீச்சீ மாமா என்றுதான் கூப்பிடுவார்கள். முகத்துக்கு நேராகவே. அவரும் ஏதோ பட்டம் கொடுத்தது போல வாங்கிக்கொள்வார். பஸ்ஸில் கம்பியைப் பிடிக்கக் கைக்குட்டை, வங்கியில் எழுதச் சொந்தப் பேனா, யார் வீட்டுக்குப் போனாலும் பையில் சொந்த டம்ளர். இத்தனைக்கும் பிழைப்பு செருப்புக்கடையில். இருபத்திரண்டு வருடமாக ஊரார் பாதங்களுக்கு முன்னால் குந்தி உட்கார்ந்து அளவு பார்க்கிறார். ஒரு குதிகாலைக்கூட விரலால் தொட்டதில்லை, எல்லாமே குதிகாலை நுழைக்கிற நீளக் கரண்டியால்தான் மாட்டிவிடுவேன் என்று பெருமை வேறு.

நான் பெரிய ஆஸ்பத்திரியில் புண் கட்டும் அறையில் வேலை பார்க்கிறேன். மகள் படிக்க வெளியூர் போன வருடம் சேர்ந்தேன், எட்டு வருடமாகிறது. சீழ் பிடித்த கால், தீப்பட்ட கை, படுத்தே கிடந்து முதுகு அழுகியவர்கள், எல்லாம் பார்த்தாயிற்று. முதல் வாரம் குமட்டியது. அப்புறம் புண்ணோடு ஒரு ஆளும் இருப்பது கண்ணில் பட்டது, குமட்டல் நின்றுவிட்டது.

வீட்டில்தான் நிற்கவில்லை. வேலையில் சேர்ந்த அன்று சாயங்காலம் வாசலிலேயே நிறுத்தி, "குளிச்சிட்டு உள்ள வா" என்றார். சரி, நியாயம்தானே என்று குளித்தேன். அடுத்த மாதம் என் துண்டும் சோப்பும் தனியாயின. அதற்கடுத்த மாதம் என் படுக்கை கூடத்துக்கு வந்தது. அறையைப் பெருக்க மட்டும் எனக்கு அனுமதி உண்டு. என்றைக்காவது ஒரு நாள் "உள்ள வந்து படு" என்று சொல்லிவிட மாட்டாரா என்று எட்டு வருடமும் காத்துக்கிடந்தேன். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், எனக்கு வேறு ஆசையே இருக்கவில்லை.

போன மாதம் நாத்தனார் குடும்பமும் நாங்களும் வேன் பிடித்து நீர்த்தேக்கத்துக்குப் போனோம். வளைவுகளில் வண்டி ஆடிய ஆட்டத்தில் நாத்தனாரின் சின்னவன் மாமா நெஞ்சிலேயே வாந்தி எடுத்துவிட்டான். சட்டை, பனியன் இரண்டும் நாசம். இவர் போட்ட கூச்சலில் டிரைவர் பயந்துபோய் வண்டியை ஓரம் கட்டிவிட்டார்.

கரையில் இறங்கியதும் சட்டையை அலசிக் காயப்போட்டேன். அரை மணியில் காய்ந்துவிட்டது. போட மாட்டேன் என்றார். நாத்தனார் வீட்டுக்காரர் பாவம், தன் மாற்றுச் சட்டையை எடுத்து நீட்டினார். "இது நீங்க போட்டதுதானே மாப்பிள்ளை?" என்று கேட்டுவிட்டு அதையும் தொடவில்லை. நாங்கள் மரத்தடியில் விரிப்பைப் போட்டோம். அங்கே காக்கை எச்சமாம். இவர் மட்டும் தள்ளிப்போய், நிழலே இல்லாத சிமெண்டு மேடையில் செய்தித்தாளைப் பரப்பி, வெற்று முதுகோடு குப்புறப் படுத்துக்கொண்டார். இருபத்திரண்டு வருடம் டியூப்லைட் வெளிச்சத்திலேயே இருந்த முதுகு. உச்சி வெயில் ஒரு பக்கம், தண்ணீரில் பட்டுத் திரும்பும் வெயில் ஒரு பக்கம்.

பிள்ளைகளுக்குப் பூசிய வெயில் கிரீம் மீதி இருந்தது. அதை எடுத்துக்கொண்டு போனேன்.

"என்னங்க, முதுகெல்லாம் செவந்துபோச்சு. கொஞ்சம் தடவி விடறேன்."

தலையைத் தூக்கி என் விரல்களைப் பார்த்தார். "அந்தக் கையாலயா? சீ! வேண்டாம், போ."

எல்லார் காதிலும் விழுந்தது. "விடுங்க அண்ணி, அண்ணனைப் பத்தித் தெரியாதா?" என்று நாத்தனார் சிரித்தாள். அவளுடைய சின்னவன் ஓடிவந்து என் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "அத்தை, உங்க கைல என்ன இருக்கு?" என்றான். காலையில் அதே கையால்தான் அவன் வாயைத் துடைத்துவிட்டிருந்தேன். எனக்கு உடம்பெல்லாம் கூசிப்போயிற்று.

சாப்பிட்டுவிட்டு மறுபடி அதே மேடையில் படுத்தவர் நாலு மணி வரை தூங்கினார். எழுப்பியிருக்கலாம். நான் எழுப்பவில்லை.

மறுநாள் முதுகு முழுக்கக் கொப்புளம். "உடைச்சிடாதீங்க, தானா அமுங்கிடும்" என்று சொல்லிவிட்டு வேலைக்குப் போனேன். கொப்புளங்களைக் கண்ணாடியில் பார்த்ததும் அவருக்குத் தன்மேலேயே அருவருப்பு வந்துவிட்டது. குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு, நீளக் கைப்பிடி பிரஷ்ஷில் கிருமிநாசினியை ஊற்றித் தேய்தேயென்று தேய்த்திருக்கிறார். அலறலைக் கேட்டு எதிர்வீட்டு டெய்லர் ஓடிவந்தாராம். இப்படியும் ஒரு மனுஷனா என்று எனக்குத் தலையில் அடித்துக்கொள்ளத் தோன்றியது.

மூன்றாம் நாள் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. மஞ்சள் நீர் கசிந்து, காய்ந்து, அதற்கடியில் சீழ். அறை முழுக்க ஒரு புளித்த வாடை. ஆஸ்பத்திரிக்கு வாங்க என்றேன்.

"கண்டவன் புண்ணோட உக்காந்த பெஞ்சுல நான் போய் உக்காரணுமா?"

சாயங்காலம் காய்ச்சல் கண்டது. அப்புறம்தான் அறைக்குள்ளிருந்து குரல் வந்தது. "ஏய், கொஞ்சம் இங்க வாயேன்."

கையைச் சோப்புப் போட்டுக் கழுவிக்கொண்டு போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன். "நல்லா கழுவினியா?" என்றார். முதுகில் சீழோடு கிடந்துகொண்டு கேட்கிற கேள்வி! கொதித்து ஆறிய உப்புநீரை விட்டு ஊறவைத்து, சட்டையைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பிரித்தேன். துணியோடு தோலும் வந்தது. வாய்விட்டு அழுதார்.

டாக்டரைக் கெஞ்சி வீட்டுக்கே அழைத்துவந்து காட்டினேன். மாத்திரை எழுதிக் கொடுத்தார். ஒன்பது நாள், காலையும் மாலையும் புண்ணைத் துடைத்துக் கட்டினேன். கை தன்பாட்டுக்கு வேலையைச் செய்தது. ஆனால் ஒவ்வொரு தடவையும் வயிற்றைப் புரட்டியது. விரல் உதிர்ந்த காலைக் கட்டிவிட்டு, கை கழுவிக்கொண்டு போய் நிம்மதியாகச் சாப்பிடுகிறவள் நான். இந்த முதுகில் சீழ் வற்றி, வாடை போய், இளஞ்சிவப்பாகப் புதுத்தோல் வந்த பிறகும் புரட்டல் அடங்கவில்லை. அது எதனால் என்று எனக்கு விளங்க ஒன்பது நாளும் ஆயிற்று.

பத்தாம் நாள் காலை கடைசிக் கட்டைப் பிரித்தேன். அவர் எழுந்து உட்கார்ந்து, சுவரைப் பார்த்துக்கொண்டே பேசினார்.

"உன் கை பதமா இருக்கு. வலிக்கவே இல்ல."

நான் பழைய துணியைச் சுருட்டிக்கொண்டிருந்தேன்.

"இனிமே கூடத்துல எதுக்குக் கெடக்கற? உள்ளயே வந்து படுத்துக்கோ."

இந்த வார்த்தையைக் கேட்டால் அழுதுவிடுவேன் என்றுதான் இத்தனை காலம் நினைத்திருந்தேன். தொண்டை வரைக்கும் உமட்டிக்கொண்டு வந்தது.

"வேண்டாங்க. எனக்கு அருவருப்பா இருக்கு."

அவர் பதறிப்போய்க் கழுத்தை ஒடித்துத் தன் முதுகைப் பார்க்கப் பார்த்தார். "ஏன், இன்னும் புண்ணு இருக்கா?"

"இல்லீங்க," என்றேன். "புண்ணு நேத்தே ஆறிடுச்சு."