சோதனைக் கொட்டகையில் ஒரே ஒரு ஷிப்ட்

தங்கவயலில் என்னை யோக்கியன் என்று முதலில் கண்டுபிடித்தவர் எங்கள் சுரங்கத்தை மேய்த்த வெள்ளைக்காரர், கேப்டன் துரை. அதற்கு முன் அந்த விஷயம் எனக்கே தெரியாது. ஷாஃப்ட் என்கிற சுரங்கக் குழியின் அடியில் பாறைக்கு மரம் முட்டுக் கொடுக்கும் கூட்டத்தில் நான் ஒருவன். ஒருநாள் உடைந்த கல் ஒன்றில் மஞ்சளாக ஏதோ மின்னியது. கையில் வைத்திருந்தால் வம்பு என்று பயந்து, அதை அவரிடமே கொடுத்துவிட்டேன். என் பயத்தை அவர் யோக்கியதை என்று எடுத்துக்கொண்டார். மறுநாளே கூப்பிட்டு, சோதனைக் கொட்டகையில் வேலை தருவதாகச் சொன்னார்.

மின்சாரக் கம்பி வராத காலம் அது. தொப்பியில் களிமண்ணை அப்பி, அதில் மெழுகுவத்தியைச் செருகிக்கொண்டு இறங்குவோம். ஷிப்ட் முடிந்து கேஜ் என்கிற இரும்புக் கூண்டில் ஏறி வந்தால் நேரே வீட்டுக்குப் போக முடியாது. கொட்டகைக்குள் நுழைந்து கோவணத்தை உதற வேண்டும், வாயைத் திறக்க வேண்டும், குடுமியை அவிழ்த்து உலுக்க வேண்டும். பெட்டி பெட்டியாகத் தங்கம் கப்பலேறிக்கொண்டிருந்தது. அதைக் காப்பாற்றுவதற்கு எங்கள் கோவணங்களைப் பரிசோதிப்பதைத் தவிர கம்பெனிக்கு வேறு வழி தெரியவில்லை. பரிசோதிக்கும் ஆளுக்குக் காக்கிக் கோட்டு, பித்தளை வில்லை, போதாததற்கு வெயில் படுகிற இடத்தில் நிற்கும் பாக்கியம். ஒரு ஷிப்ட் நின்று பார்த்துவிட்டுப் பதில் சொன்னால் போதும் என்றார் துரை.

என் மனைவி செல்லம்மாள் அப்போது ஆறு மாதக் கர்ப்பிணி. முந்தின மாதம்தான் பக்கத்து வீட்டுக்காரன் மேல் பாறை சரிந்து, அவனைச் சாக்கில் சுற்றி மேலே கொண்டுவந்திருந்தார்கள். அவளுக்கு யோசிக்க ஒன்றுமில்லை.

"மேல நிக்கிற வேல வந்துகீது. இதுல யோசிக்க இன்னா கீது?" என்றாள்.

எனக்கும் ஆசைதான், பொய் சொல்வானேன். ஒவ்வொரு நாளும் கேஜ் இறங்கும்போது தலைக்கு மேல் சுருங்கும் வெளிச்சத்தையே பார்த்துக்கொண்டு போவேன்.

மறுநாள் கோட்டை மாட்டிக்கொண்டு நின்றேன். எனக்கு முன்னால் அந்த வேலையில் இருந்தவருக்குத் தொப்பை பெரிது போலிருக்கிறது, கோட்டுக்குள் இன்னொரு ஆள் நிற்கலாம். முதல் கேஜில் என் கூட்டாளிகள் வந்தார்கள். முந்தின நாள் வரை என்னை வாடா போடா என்றவர்கள் அன்று துரை என்றார்கள். ஒருவன் வாயைத் திறந்து காட்டி, ரெண்டு பல் குறையுது, அதையும் நோட்டில் எழுதிக்கொள்ளச் சொன்னான். சிரித்துச் சமாளித்தேன். கேப்டன் துரை பின்னால் நின்று சுருட்டுப் பிடித்துக்கொண்டிருந்தார்.

இரண்டாவது கேஜில் என் மாமனார் வந்தார். ஆற்காட்டுப் பக்கமிருந்து எங்களையெல்லாம் இங்கே அழைத்து வந்த மேஸ்திரி அவர். எங்கள் ஜனங்களில் மாமனார் எதிரில் மாப்பிள்ளை உட்காரக்கூட மாட்டான். இப்போது அவர் கோவணத்தை நான் உதறச் சொல்ல வேண்டும். இதை நான் முன்னமே யோசித்திருக்க வேண்டும். பித்தளை வில்லையை யோசித்துக்கொண்டிருந்துவிட்டேன். தரையைப் பார்த்துக்கொண்டு, "போங்க மாமா" என்றேன்.

அத்தனை பேரில் ஒருவரை மட்டும் தொடாமல் விட்டால் துரைக்குக் கண் தெரியாதா? அவரே வந்து மாமனாரின் குடுமியைப் பிடித்து உலுக்கினார். தங்கம் விழவில்லை. சுண்டுவிரல் நீளத்துக்கு ஒரு மெழுகுவத்தித் துண்டு விழுந்தது.

மெழுகுவத்தி கம்பெனியுடையது; எரிந்து மீந்த துண்டைத் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்பது விதி. யாரும் கொடுப்பதில்லை. மாமனார் தன் துண்டுகளை மகளிடம் கொடுப்பார். அதாவது, யோக்கியனான என் வீட்டில் தினமும் எரிந்தது அந்த வெளிச்சம்தான். இது எனக்கு நன்றாகவே தெரியும். துரை நோட்டை என்னிடம் நீட்டி, கள்ளன் பெயரை எழுதச் சொன்னார். எழுதினால் மாமனாருக்கு வேலை போய்விடும். அவர் அவிழ்ந்த தலையோடு, என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்.

"எழுதுங்க மாப்ள. புள்ளத்தாச்சி பொண்ணு. நீங்க மேல இருந்தா போதும்."

அவமானத்தில் எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. கோட்டைக் கழற்றி மடித்து வைத்தேன்.

"அது எங்க வீட்டுக்குப் போற துண்டு, துரை. என் பேர எழுதிக்கோங்க" என்றேன்.

என் இரண்டாவது யோக்கியதை துரைக்கு ஏனோ அவ்வளவாகப் பிடிக்கவில்லை. பெரிய மனது பண்ணி எங்கள் இருவரையும் வேலையை விட்டு நீக்காமல், சுரங்கத்தில் இருப்பதிலேயே ஆழமான லெவலுக்கு அனுப்பிவைத்தார். செல்லம்மாள் இரண்டு நாள் எனக்குச் சோறு கட்டித் தரவில்லை. மூன்றாம் நாள் அப்பாவிடமிருந்து விஷயம் தெரிந்து, அழுதுகொண்டே சோறு கட்டிக் கொடுத்தாள். நான் செய்தது சரி என்று அவளும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. தலைக்கு மேல் பாறை முறியும் சத்தம் கேட்கும்போதெல்லாம் அந்தக் கொட்டகையை நினைத்து ஏங்கியிருக்கிறேன்.

புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்கு ஒன்று சொல்வேன். யாராவது உங்கள் யோக்கியதையைப் புகழ்ந்து வேலை கொடுத்தால், அதை யார் மேல் காட்டச் சொல்லப்போகிறார்கள் என்று முதலில் கேளுங்கள். நான் கேட்கவில்லை. கேட்டிருந்தால், எனக்குப் பெண் கொடுத்த மனிதர் என் எதிரில் அப்படி நின்றிருக்க மாட்டார்.