ஆட்டுக்கு அரை டிக்கெட்

அம்மாவின் தங்கையை நாங்கள் சாச்சி என்று கூப்பிடுவோம். நான் காரைக்குடியில் மூன்றாம் வகுப்புப் படித்துக்கொண்டிருந்தபோது, சாச்சி எங்கள் வீட்டில் தங்கி ஆசிரியர் பயிற்சிப் பள்ளிக்குப் போய்க்கொண்டிருந்தாள். அதற்கு முன் எங்கள் குடும்பத்தில் எந்தப் பெண்ணும் வேலைக்கென்று படித்ததில்லை. அப்பாவை எங்கள் வீட்டில் அத்தா என்போம். சிங்கம்புணரியில் இருந்த அம்மாவின் அத்தா, எங்கள் நன்னா, பெரிய பஞ்சாயத்துக்குப் பிறகுதான் இதற்கு ஒப்புக்கொண்டார். அதுவும் ஒரு தடவைதான். பெயிலானால் மறுபடி எழுதுகிறேன் கிழுதுகிறேன் என்று வந்து நிற்கக் கூடாது, பேசாமல் வீட்டோடு இருந்துவிட வேண்டும் என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.

பரீட்சை எழுதுவதெல்லாம் சாச்சிக்குத் தண்ணீர் பட்ட பாடு. வகுப்பில் நின்று பேசுவதுதான் வராது. பிள்ளைகளைக் கண்டால் கை நடுங்கும், குரல் கீச்சென்று மேலே போய்விடும். கதை சொல்லிப் பழகினால் சரியாகிவிடும் என்று கூடப் படிப்பவர்கள் யாரோ சொல்லியிருக்கிறார்கள். அன்றிலிருந்து நூலகத்துச் சிறுவர் புத்தகங்கள் ஒவ்வொன்றாக எங்கள் வீட்டுக்கு வர ஆரம்பித்தன. கதை கேட்க ஆள் வேண்டுமே. நானும் தம்பியும் வசமாக அகப்பட்டுக்கொண்டோம்.

ஆரம்பத்தில் சாச்சி கதை வாசித்தது ரேடியோவில் செய்தி வாசிப்பதுபோல் இருக்கும். சிங்கமும் முயலும் ஒரே குரலில் பேசும். அதையாவது பொறுத்துக்கொள்ளலாம். கதை முடிந்ததும், "இதிலிருந்து நாம் அறிந்துகொள்வது என்ன?" என்று ஒரு கேள்வி வரும் பாருங்கள், அதுதான் கொடுமை. பயிற்சிப் பள்ளியில் அப்படித்தான் சட்டமாம். கதைப்பாடம் என்றால் கடைசியில் நீதியைக் கரும்பலகையில் எழுதி, பிள்ளைகளை ஒரே குரலில் வாசிக்க வைக்க வேண்டும். அதற்குத் தனி மார்க். கதை முடியப்போகிறது என்பதை நாங்கள் மோப்பம் பிடித்துவிடுவோம். நரி திருந்தப்போகிற நேரத்தில் நாங்கள் தெருவில் இருப்போம்.

ஒருநாள் தம்பி மட்டும் ஓடாமல் உட்கார்ந்திருந்தான்.

"சாச்சி, அந்த நரி வீட்டுல யாரு யாரு இருக்காக?" என்று கேட்டான்.

சாச்சி புத்தகத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "அது போடவே இல்லையேடா" என்றாள்.

"நீங்க சொல்லுங்க" என்று அவன் மடியில் ஏறி உட்கார்ந்துகொண்டான்.

வேறு வழியில்லாமல் சாச்சி புத்தகத்தை மூடினாள். அன்றைக்கு அந்த நரிக்கு ஒரு மாமியார் வந்து சேர்ந்தாள். அவளுக்குக் காது கேட்காது. நரி ஒன்று சொல்ல, மாமியார் வேறொன்றைச் செய்து வைத்தாள். சாச்சியின் கை ஆடியது, கண் உருண்டது, குரல் ஏறி இறங்கியது. "அடியே, சோறு குழையுது, இங்குட்டு வாடி" என்று அம்மா அடுப்படியில் இருந்து கத்தியது அவள் காதில் விழவே இல்லை. நானும் தெருவில் இருந்து திரும்பி வந்து வாசற்படியில் நின்றுவிட்டேன்.

அதற்குப் பிறகு சாச்சி எங்களுக்காக மட்டும் படிக்கவில்லை. தனியாக உட்கார்ந்து படித்துத் தானே சிரித்துக்கொண்டாள். பிடிக்காத புத்தகத்தோடு சண்டை போட்டாள். "இந்தக் கரடி இப்புடியெல்லாம் பேசாது" என்று ஒருநாள் உரக்கச் சொல்ல, அந்தப் பக்கமாக வந்த அத்தா பயந்துபோய் அறைக்குள் எட்டிப் பார்த்தார். கடைசியில் சாச்சியே ஒரு கதை கட்டினாள். சந்தையில் விற்கக் கொண்டுபோன ஓர் ஆடு, கயிற்றை அறுத்துக்கொண்டு பஸ் ஏறித் தானாக ஊர் திரும்புகிற கதை. எனக்கு அது உயிர்.

வகுப்பு நடத்திக் காட்டும் பரீட்சைக்கு அந்தக் கதையைத்தான் சொல்வது என்று முடிவாயிற்று. அதைவிடப் பெரிய அதிசயம், அவள் பாடம் நடத்த வேண்டிய வகுப்பு எங்கள் வகுப்பு. அங்கே சாச்சி என்று கூப்பிடக் கூடாது, டீச்சர் என்றுதான் சொல்ல வேண்டும் என்று என்னிடம் சத்தியம் வாங்கிக்கொண்டாள்.

அந்த நாளில் பாடம் நடத்த ஒரு கருவி பிரபலமாக இருந்தது. பலகையில் கம்பளித் துணியை இழுத்துக் கட்டுவார்கள். அட்டையில் வெட்டிய படத்தின் முதுகில் உப்புத்தாள் ஒட்டியிருக்கும். படத்தைத் துணியில் வைத்து அழுத்தினால் பிடித்துக்கொண்டு நிற்கும். பெரியத்தா பினாங்கில் இருந்து கொண்டுவந்த கம்பளி ஒன்று எங்கள் வீட்டில் இருந்தது. காரைக்குடி வெயிலில் அதை யார் போர்த்துவது? சாச்சி அதில் ஒரு துண்டு வெட்டிக்கொண்டாள். ஆடு, பஸ், கண்டக்டர் எல்லாம் சட்டைப் பெட்டி அட்டையில் தயாராயின. ஒத்திகையில் ஒரு படம்கூட விழவில்லை.

பரீட்சைக்கு முதல் நாள் அம்மாவுக்குப் பாசம் பொங்கிவிட்டது. பெரிய ஆட்கள் வருகிற இடத்தில் கசங்கிய துணியையா கட்டுவது என்று, யாரிடமும் சொல்லாமல் அந்தக் கம்பளித் துண்டைத் துவைத்து, கெட்டியாகக் கஞ்சி போட்டு, தேய்த்தும் வைத்துவிட்டாள். காலை அவசரத்தில் சாச்சி அதைத் தடவிப் பார்க்காமல் பலகையில் கட்டிக்கொண்டு வந்துவிட்டாள்.

மார்க் போட வந்த அதிகாரி வகுப்பின் கடைசியில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். நரைத்த மீசை, சிரிக்காத முகம். சாச்சி கதையை ஆரம்பித்து ஆட்டைப் பலகையில் ஒட்டினாள். கஞ்சியில் வழவழப்பாகிவிட்ட துணியில் ஆடு ஒரு நொடி நின்றது, பிறகு வழுக்கிக்கொண்டு தரைக்குப் போயிற்று. பஸ்ஸை ஒட்டினாள், அதுவும் கீழே வந்தது. கண்டக்டர் தலைகுப்புற விழுந்தார். வகுப்பு கொல்லென்று சிரித்தது. சாச்சியின் கை நடுங்கத் தொடங்கியது. எனக்கு அழுகை வந்தது. நன்னாவின் முகம் கண்முன் வந்து நின்றது.

சாச்சி கீழே கிடந்த ஆட்டைப் பார்த்தாள், எங்களைப் பார்த்தாள். பிறகு குனிந்து, ரகசியம் கேட்பதுபோல், "இந்த ஆடு எங்க போகுது?" என்றாள்.

"அதுக்குப் பசிக்குது டீச்சர், பெஞ்சுக்கடியில புல்லு தேடுது" என்றாள் முன்வரிசைப் பெண் ஒருத்தி.

சாச்சி ஆட்டை எடுத்து அவள் கையிலேயே கொடுத்தாள். பஸ் இன்னொருத்தனுக்குப் போயிற்று. கண்டக்டர் எனக்கு. ஆடு பஸ்ஸில் ஏறியதும் நான் விறைப்பாக, "முழு டிக்கெட்டு எடு" என்றேன்.

வகுப்பே எழுந்துவிட்டது.

"ஆடு சின்னது, அரை டிக்கெட்டுதான்!"

"கொம்பு மொளைச்சிருச்சுல்ல? முழுசுதான்!"

"உக்காந்து வந்தா முழுசு, நின்னுக்கிட்டு வந்தா அரை!"

சாச்சி இரண்டு கட்சிக்கும் நடுவில் நின்று, "அப்ப டிரைவர் என்ன சொல்றாரு?" என்று எடுத்துக் கொடுத்துக்கொண்டே இருந்தாள். அவள் கை நடுங்கியதாக எனக்கு நினைவில்லை. வழக்கு தீருமுன் மணி அடித்துவிட்டது. அதிகாரி ஏதோ குறித்துக்கொண்டு எழுந்து போனார். அப்போதுதான் சாச்சி கரும்பலகையைத் திரும்பிப் பார்த்தாள். அதில் ஓர் எழுத்துகூட இல்லை.

"நீதி எழுதலையே" என்று மெல்லச் சொன்னாள்.

பள்ளிக்கூட வாசலுக்கு இரண்டு பேரும் வந்தோம். அதிகாரியின் சைக்கிள் கொஞ்ச தூரம் போயிருந்தது. திடீரென்று அதைத் திருப்பிக்கொண்டு வந்து, எங்கள் முன்னால் ஒரு காலை ஊன்றி நின்றார்.

"ஏம்மா, கடைசில அந்த ஆடு ஊரு வந்து சேந்துச்சா, இல்ல கண்டக்டர் எறக்கி விட்டுட்டானா?"

"தெரியல சார். பிள்ளைக நாளைக்குத்தான் சொல்லுவாக" என்றாள் சாச்சி. அவர் தலையை ஆட்டிக்கொண்டே போனார்.

எனக்கு அவர்மேல் பரிதாபமாக இருந்தது. இவ்வளவு பெரிய மனிதர், வகுப்பு முழுக்க உட்கார்ந்திருந்தும் ஒன்றும் விளங்கவில்லையே! வீட்டு வாசலில் காத்திருந்த அம்மாவிடம் நான்தான் முந்திக்கொண்டேன்.

"சாச்சி பெயிலுதாம்மா. அந்த சாருக்குக் கதையே விளங்கல. சைக்கிளைத் திருப்பிக்கிட்டு வந்து கேக்குறாக."

அம்மா அப்படியே உட்கார்ந்துவிட்டாள். சாச்சியோ சிரிக்க ஆரம்பித்து, சிரிப்பை அடக்க முடியாமல் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். எனக்குக் கோபம் கோபமாக வந்தது. ஒருவருக்குக் கதை பிடித்துப்போனால்தான் போன வழியில் திரும்பி வந்து முடிவைக் கேட்பார் என்பது எனக்கு அன்றைக்குத் தெரியவில்லை.