அக்கா வீட்டு டிவியும் எங்கள் நெளிந்த வாளியும்

மூன்று வருடங்களுக்கு முன்பு, ஐப்பசி மாதம். தூத்துக்குடியில் துறைமுகச் சாலைக்குப் பின்னால் ஒரு வளவில் குடியிருந்தோம். ஒரே முற்றத்தைச் சுற்றி வரிசையாக ஒற்றை அறை வீடுகள். எல்லோரும் வாடகைக்கு இருப்பவர்கள்தான். என் வீட்டுக்காரருக்கு உப்பளத்தில் வேலை. மழை விழுந்தால் உப்பளத்தில் வேலை கிடையாது. ஆனால் வாடகைக்கு மழைக்கால விடுமுறை என்று ஒன்றும் இல்லை. தை பிறந்ததும் வாடகையை ஏற்றித் தர வேண்டும், முடியாவிட்டால் காலி செய்யுங்கள் என்று வீட்டு உரிமையாளர் சொல்லிவிட்டார். அரசு கட்டித் தரும் அடுக்குமாடி வீட்டுக்கு என்றைக்கோ மனுப் போட்டுவிட்டுக் காத்திருந்தோம். அதை விட்டால் எங்களுக்கு வேறு போக்கிடம் இல்லை.

ஒருவழியாக எங்கள் முறை வந்தது. உண்மையிலேயே வசதி இல்லாதவர்கள்தானா என்று வீட்டை நேரில் பார்த்து எழுதிக்கொண்டு போக ஒரு அதிகாரி வருவார் என்றார்கள்.

அந்த வளவில் ஒரு வழக்கம் உண்டு. யார் வீட்டுக்குப் பெண் பார்க்க ஆள் வந்தாலும், என் பக்கத்து வீட்டு அக்காவின் சாமான்கள் அங்கே போய்விடும். கப்பலில் வேலை பார்க்கும் அவர் தம்பி வாங்கிக் கொடுத்த பெரிய டிவி, மெத்தைக் கட்டில், கண்ணாடி டம்ளர்கள். வளவின் பாதிக் கல்யாணங்கள் அந்த டிவிக்கு முன்னால் பேசி முடித்தவைதான்.

அதிகாரி வருகிறார் என்றதும் அக்கா என் வீட்டுக்குள் வந்து சுற்றிலும் பார்த்தார்.

"ஏளா, ஆபீசர் வாராங்க, வீட்ட இப்படியா போட்டு வச்சிருப்ப? நம்ம மரியாத என்னத்துக்கு ஆவும்?"

அவ்வளவுதான். டிவியும் கட்டிலும் என் வீட்டுக்கு வந்தன. எங்கள் கிழிந்த பாய், கால் ஆடும் ஸ்டூல், ஒழுகுகிற இடத்தில் வைக்கும் நெளிந்த வாளி எல்லாம் அக்கா வீட்டுக்குப் போயின. ஈரச் சுவரை மறைக்க அக்காவே ஒரு திரையும் கட்டினார். நானும் சந்தோஷமாகத்தான் கூடமாட நின்றேன். ஏழை என்று காட்ட வேண்டிய நாளில் பணக்காரி வேஷம் போடுகிறோம் என்று வளவில் ஒருவருக்கும் உறைக்கவில்லை.

வந்தவர் ஒரு பெண் அதிகாரி. கண்ணாடி டம்ளரில் கலர் சோடா குடித்தார். டிவியைப் பார்த்தார், கட்டிலைப் பார்த்தார், எழுதினார். என்னிடம் அதிகம் கேட்கவில்லை. அவர் முகத்தைப் பார்த்த பிறகுதான் செய்த தப்பு எனக்கு உறைத்தது.

அக்காவும் அதே அடுக்குமாடியில் வீடு கேட்டு மனுப் போட்டிருந்தார். அவர் வீட்டுக்கு வேறொரு நாள் வருவதாகத்தான் சொல்லியிருந்தார்கள். பக்கத்து வீடுதானே, இப்போதே பார்த்துவிடுகிறேன் என்று அதிகாரி நேராக அங்கே நுழைந்துவிட்டார். உள்ளே அக்காவின் சாமான் ஒன்றும் இல்லை. எங்கள் பாயும் வாளியும்தான் கிடந்தன. ரொம்பச் சிரமப்படுகிறீர்கள், உங்களுக்கு வீடு கிடைத்துவிடும் என்று அக்காவிடம் ஆறுதலாகச் சொன்னார். நான் வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன்.

அக்கா என்னை ஒரு தடவை பார்த்தார். பிறகு அதிகாரியிடம் சொன்னார்:

"மேடம், இது அத்தனையும் அவ சாமான். அங்கன நீங்க பாத்த டிவி, கட்டில் எல்லாம் எனக்குள்ளது. நாந்தான் மாத்தி வச்சேன். அவளுக்கு எழுதினத எனக்கு எழுதிக்கோங்க."

அதிகாரி நம்பவில்லை. அக்கா அவரை மறுபடி என் வீட்டுக்குள் கூட்டிப்போய்த் திரையை விலக்கிச் சுவரைக் காட்டினார். அதிகாரி சுவரைத் தொட்டுப் பார்த்தார். சிரிப்பை அடக்கிக்கொண்டு, எழுதியதை அடித்துவிட்டுப் புதிதாக எழுதினார்.

சில மாதங்களில் எங்களுக்கு வீடு ஒதுக்கினார்கள். அக்காவுக்கு வரவில்லை. காலி செய்த அன்று அவர் முகத்தைப் பார்க்க எனக்குக் கூச்சமாக இருந்தது.

"போளா, எனக்கு மேல ஒழுகல. நீ போ" என்றார்.

அவர் இன்னும் அந்த வளவில்தான் ஏற்றிய வாடகையைக் கொடுத்துக்கொண்டிருக்கிறார். எங்கள் அடுக்குமாடி வாசலில், இந்த வீடுகள் அரசு வழங்கியவை என்று கல்லில் பொறித்து வைத்திருக்கிறார்கள். அது பொய்யில்லை, ஆனால் அன்று அக்கா பேசாமல் இருந்திருந்தால் இந்த வீட்டுச் சாவி இன்று அவர் இடுப்பில்தான் தொங்கியிருக்கும் என்ற நினைப்பு வராமல் நான் ஒரு நாளும் கதவைத் திறந்ததில்லை.