சத்தம் வராத ரேடியோவுக்குச் சந்தா

காசு கொடுத்து யாராவது ரேடியோ கேட்பார்களா என்று இன்றைக்கும் சிலர் என்னிடம் கேட்கிறார்கள். கேட்கும்போதே பாதிச் சிரிப்பு. எனக்குச் சுருக்கென்று கோபம் வரும். ஏன் கேட்கமாட்டார்கள்? தண்ணீரையே பாட்டிலில் அடைத்து வாங்கிக் குடிக்கிறோம். என் மகள் பாட்டுக் கேட்கிற ஆப்புக்கு மாதம் பிறந்தால் தானாகவே பணம் போகிறது, போவது அவளுக்கே தெரிவதில்லை. சாட்டிலைட் ரேடியோ என்றால் மட்டும் என்ன இளக்காரம்? தருமபுரி மாவட்டம் முழுக்க அதைத் தோளில் தூக்கி அலைந்து விற்றவன் நான். அந்த வியாபாரம் ஏன் படுத்தது என்று கம்பெனிக்காரனைவிட எனக்கு நன்றாகத் தெரியும்.

அப்போது பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் டி.வி., ரேடியோ ரிப்பேர் கடை வைத்திருந்தேன். பெங்களூரிலிருந்து டை கட்டிக்கொண்டு ஓர் ஏரியா மேனேஜர் வந்தார். மேஜைமேல் செட்டை வைத்தார். புத்தக அளவில் இருந்த ஆன்டெனாவை ஜன்னலில் சாய்த்து, கிழக்கு வானத்தைப் பார்க்கத் திருப்பினார். கொரகொரப்பு இல்லை, விளம்பரம் இல்லை. பாடுகிறவர் மூச்சு இழுப்பதுகூடக் கேட்டது. நான் அங்கேயே விழுந்துவிட்டேன். வீட்டில் வந்து சொன்னதும் என் மனைவி பக்கத்து வீட்டுக்காரியிடம், "காத்த வித்து சம்பாரிக்கப் போறாராம், கேட்டீங்களா?" என்று சொல்லிச் சிரித்தாள்.

டவுனில் போணியாகவில்லை. எஃப்.எம். சும்மா கிடைத்தது. செல்போன் கடையில் மெமரி கார்டு நிறையப் பாட்டு ஏற்றிக் கொடுத்தார்கள். எங்கள் ஆன்டெனாவுக்கோ திறந்த வானம் வேண்டும், மாடிவீட்டு நெருக்கத்தில் அதற்கு எங்கே போவது? பாப்பாரப்பட்டியில் ஒருவர் செட்டைத் தட்டிப் பார்த்துவிட்டு, "நேயர் விருப்பத்துல எம்பேரப் படிப்பாங்களா இதுல?" என்றார். படிக்கமாட்டார்கள் என்றேன். "அப்பறம் எதுக்குங்க காசு?" என்று கேட்டார். நியாயமான கேள்விதான்.

வத்தல்மலைதான் எனக்குக் கை கொடுத்தது. அங்கே எஃப்.எம். சரியாக ஏறாது. வானம் மட்டும் தாராளம். பத்துப் பன்னிரண்டு செட் போட்டேன். ஆனால் ஆறு மாதச் சந்தாவை பேங்கில் கட்டு, கார்டில் கட்டு என்றால் யார் கட்டுவார்கள்? எங்கள் பக்கத்து வழக்கம் அதுவல்ல. சீட்டுக்காரர் வருவார், தவணைத் துணிக்காரர் வருவார், வாசலில் நின்று கேட்பார், கொடுப்பார்கள். ஆள் வருவது நின்றுபோனால் அந்தக் கொடுக்கல் வாங்கலே முடிந்துவிட்டது என்று அர்த்தம். அதனால் நானே ஆறு மாதத்துக்கு ஒருமுறை மலையேறி, சந்தா வாங்கி, ரசீது எழுதிக் கொடுத்து வந்தேன். ஊருக்கு ஓர் ஆளைப் போடுங்கள், இந்த வியாபாரம் நிலைக்கும் என்று மேனேஜரிடம் எத்தனையோ முறை சொன்னேன். "இது சாட்டிலைட் பிசினஸ் சார், பால் வியாபாரமா?" என்று சிரித்தார். சிரிக்கட்டும்.

மலையில் நான் கடைசியாகச் செட் போட்டது, ஊரைத் தாண்டிக் காப்பிச் செடிகளுக்கு நடுவே தனியாக நின்ற ஒரு வீட்டில். வீட்டுக்காரர் முன்னாள் லாரி டிரைவர். ஐம்பது வயதுக்குள்ளேயே பக்கவாதம் வந்து வலக்கையும் காலும் விழுந்துவிட்டன, பேச்சும் போய்விட்டது. மனைவிதான் சாமைக்காட்டில் களை எடுத்தும் காப்பிப் பழம் பறித்தும் அடுப்பை எரியவைத்தார். ஆனால் அந்த அம்மா வாசலைத் தாண்டினால் போதும், கட்டிலில் கிடக்கிற கணவர் குரலெடுத்து அழ ஆரம்பித்துவிடுவார்.

"களை வெட்டற எடத்துக்கே கேக்கும் அண்ணா. மனசு தாங்காம பாதியில ஓடியாந்துருவேன். அன்னிக்கிக் கூலி போச்சு" என்றார் அந்த அம்மா.

செட் வந்தபிறகு அழுகை நின்றது. கட்டில் சட்டத்தில் இடக்கை விரலால் தாளம் போட்டுக்கொண்டு பகலெல்லாம் கிடந்தார். "இது பேசற வரைக்கும் நான் வேலைக்குப் போயிக்கலாங்க. இது நின்னா நானும் வூட்டோட கெடக்க வேண்டியதுதான்" என்று அந்த அம்மா ஒவ்வொரு முறையும் சொல்வார்.

அது நின்றது. யாரும் எனக்குச் சொல்லவில்லை. ஒரு காலையில் கடையில் இருந்த செட்டைப் போட்டேன். சத்தமே இல்லை. மேனேஜர் போன் உபயோகத்தில் இல்லை. கம்பெனியை மூடிவிட்டார்கள் என்று பேப்பர் பார்த்துத் தெரிந்துகொண்டேன். அடப்பாவிகளா! டவுனில் செட் வாங்கியவர்கள் கடை வாசலில் நின்று என்னைக் கிழிகிழியென்று கிழித்தார்கள். அதைக்கூடத் தாங்கிக்கொண்டேன். மலையில் அந்த வீட்டுக்குப் போய்ச் சொல்லத்தான் தைரியம் வரவில்லை. பத்து நாள் தள்ளிப்போட்டேன். வெட்கக்கேடு.

கடைசியில் ஒரு நடுப்பகலில் போனேன். காப்பித் தோட்டத்துக்குள் நுழைந்ததுமே காதைத் தீட்டிக்கொண்டேன், அவர் அழுகிற சத்தம் வரும் என்று. வரவில்லை. காற்றில்லை, ஒரு குருவிகூடக் கத்தவில்லை. வெயில் அடிக்கிற நேரத்தில் பனிமூட்டம் மரங்களுக்கு நடுவே அசையாமல் நின்றது. ஆள் போய்விட்டாரோ என்று வேகமாக நடந்தேன். கதவு திறந்து கிடந்தது. எட்டிப் பார்த்தேன்.

அவர் கட்டிலில் இருந்தார். கால்மாட்டுப் பலகையில் ரேடியோவின் பச்சை விளக்கு எரிந்தது. சத்தமில்லை. அது டிஜிட்டல் செட், சிக்னல் இல்லையென்றால் இரைச்சல்கூட வராது. ஆனால் அவர் விரல் தாளம் போட்டுக்கொண்டிருந்தது. நான்கு தட்டு, ஒரு நிறுத்தம். நான்கு தட்டு, ஒரு நிறுத்தம். கொஞ்ச நேரத்தில் விரல் நின்றது. பாட்டு முடிந்து அறிவிப்பாளர் பேசுவதைக் கேட்பவர் மாதிரி தலையைச் சாய்த்தார். உதட்டோரம் லேசாகச் சிரித்தது. பிறகு விரல் மறுபடி ஆரம்பித்தது, இந்த முறை மெதுவாக. வேறு பாட்டு!

மெல்ல உள்ளே நுழைந்தேன். ஸ்பீக்கரில் காதை வைத்துப் பார்த்தேன். ஒன்றுமே இல்லை. எனக்குப் பின்னால் தட், தட் என்று கட்டில் சட்டம் மட்டும் ஒலித்தது.

யாரோ சட்டையைப் பிடித்து இழுத்தார்கள். உயிரே போய்விட்டது எனக்கு. அந்த அம்மாதான், மதியச் சோற்றுக்கு வந்தவர் களைக்கொத்தோடு நின்றார். என்னை வெளியே கூட்டிவந்து குரலைத் தாழ்த்திப் பேசினார்.

"நின்னுபோச்சுன்னு எனக்கும் தெரியுங்க அண்ணா. ஆனா அவருக்கு நிக்கல. மொத நாளு பயந்துபோயி, கோயில்ல மந்திரிச்சுக் கயிறு கட்டுனேன். அப்பறம் பாத்தேன், நான் போனா அழறதில்ல, தாளம் போட்டுட்டே கெடக்கறாரு. கேட்டா கேக்கட்டும்னு வுட்டுட்டேன். நீங்க எப்பவும்போல வந்து காசு வாங்கிட்டுப் போங்க. நீங்க வரலைன்னா லைன் போச்சுன்னு அவருக்குத் தெரிஞ்சிரும். மறுபடி அழுவாரு."

"கம்பெனியே இல்லம்மா! எதுக்குக் காசு?" என்று கத்திவிட்டேன்.

"மெதுவாப் பேசுங்க. ரசீதுப் புக்கு உங்ககிட்ட இருக்குதில்ல?"

இருந்தது, பாதிப் புத்தகம் மிச்சம் இருந்தது. உள்ளே போய் அவர் கண்ணெதிரே பணத்தை வாங்கி ரசீது எழுதினேன். விரலை நிறுத்தாமல் பார்த்துக்கொண்டிருந்தார். தோட்டத்தைத் தாண்டியதும், கூடவே வந்த அந்த அம்மாவின் கையில் பணத்தைத் திணித்துவிட்டு, திரும்பிப் பார்க்காமல் இறங்கினேன்.

அப்புறம் ஆறு மாதத்துக்கு ஒருமுறை இதே கூத்து. "கம்பெனி செத்துப்போச்சு, இன்னும் யாருக்குங்க வசூல் பண்றீங்க, பேய்க்கா?" என்று என் மனைவி கேலி செய்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. மூன்றாவது முறை போனபோது ரசீது எழுதிக்கொண்டே நான் எதையோ முணுமுணுப்பது எனக்கே உறைத்தது. அவர் தட்டிய தாளத்துக்குப் பொருந்துகிற ஒரு பழைய பாட்டு. அந்த அறையில் எங்கோ அது ஓடிக்கொண்டிருக்கிறது, இன்னும் கொஞ்சம் உட்கார்ந்தால் எனக்கும் கேட்டுவிடும் என்று தோன்றியது. சொன்னால் நம்பமாட்டீர்கள், எழுத்து கோணிக்கொண்டு போயிற்று. அப்படியே எழுந்து வந்துவிட்டேன்.

அடுத்த முறை போகவே கூடாது என்றுதான் இருந்தேன். போனேன். அந்த அம்மா அன்றைக்குச் சந்தோஷமாக இருந்தார், கூலி கூடியிருக்கிறதாம். "காப்பி குடிக்காம போவக்கூடாது" என்று குடத்தை எடுத்துக்கொண்டு குழாயடிக்குப் போனார். முதல்முறையாக அந்த அறையில் நானும் அவரும் தனியாக இருந்தோம்.

காலடிச் சத்தம் தேய்ந்தது. கட்டில் சட்டத்தில் விரல் நின்றது.

பாட்டு முடிந்தது போல என்று காத்திருந்தேன். அடுத்த பாட்டு ஆரம்பிக்கவில்லை. அவர் கழுத்தைத் திருப்பி என்னைப் பார்த்தார். அதுவரை அவர் என்னை அப்படிப் பார்த்ததில்லை. கண்ணில் குழப்பமே இல்லை. இடக்கையைத் தூக்கி ரேடியோவைக் காட்டினார். பிறகு உள்ளங்கையை விரித்து ஆட்டினார், ஒன்றுமில்லை என்று.

கட்டிலருகே நகர்ந்தேன். "மொதல்லயிருந்தே தெரியுமா?" என்று கேட்டேன்.

கண்ணை மூடித் திறந்தார்.

"அவங்க வேலைக்குப் போவணும்னுதானா?"

மறுபடியும் மூடித் திறந்தார். கண்ணீர் பொலபொலவென்று வழிந்தது. முன்பெல்லாம் காடுவரைக்கும் கேட்க அழுத மனிதர், உதட்டைப் பல்லால் கடித்துக்கொண்டு துளிச் சத்தமில்லாமல் அழுதார். காலையிலிருந்து சாயங்காலம்வரை அந்த வீட்டில் ஒரு சத்தமும் இல்லாமல் இந்த மனிதர் எப்படிக் கிடந்தார்? அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். 

வெளியே குடத்துத் தண்ணீர் தளும்புகிற சத்தம் கேட்டது. சட்டென்று கையை உருவிக்கொண்டார். முகத்தைத் தலையணையில் தேய்த்தார். விரல் சட்டத்துக்குப் போயிற்று. நான்கு தட்டு, ஒரு நிறுத்தம்.

அந்த அம்மா வாசலில் நின்று அவரைப் பார்த்துச் சிரித்தார். "இன்னிக்கி நல்ல பாட்டு போலிருக்குதுங்க அண்ணா."

"ஆமாம்மா" என்றேன். பேனாவை எடுத்து, அடுத்த ஆறு மாதத்துக்கு ரசீது எழுதினேன்.